ஜோடி வீடும் நான்கு ஆணிகளும்

போன மாதம் ஒரு நாள் காலை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது என் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் ஷர்மிளா. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவர், நேரில் பார்த்ததில்லை. பாரம்பரியக் கட்டிடங்களின் பழைய படிவங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாராம்.

"மேடம், ஒரு சந்தேகம். மில் காலனி ஃபைல்ல எல்லாப் படிவத்துலயும் ரெண்டு ரெண்டு கதவு நம்பர் இருக்கு. செவப்பு மையில ஒரு வளைகோடு போட்டு ரெண்டையும் சேத்துருக்கீங்க. சிஸ்டம் ஒரு நம்பர்தான் வாங்குது. எதப் போடட்டும்?"

"ரெண்டையும் போடுங்கம்மா."

"எடுக்க மாட்டேங்குது மேடம். இன்னொன்னு, முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு படிவத்தோட ஒரு துண்டுத் தாள் குத்தியிருக்கு. ஆணி அடிக்க அனுமதின்னு எழுதி உங்க கையெழுத்து இருக்கு. அத எங்க சேக்குறது?"

கீரையைத் தட்டில் வைத்துவிட்டேன். முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். வரைந்த படங்களுக்குக் கணக்கே கிடையாது. அவற்றில் நான் சொந்தமாக யோசித்துச் செய்தவை என்றால் அந்தச் சிவப்பு வளைகோடும் அந்தத் துண்டுத் தாளும்தான். இது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். உட்கார்ந்தபோது ஒரு பக்கம் போதும் என்றுதான் நினைத்தேன்.

நான் இருந்தது கட்டிட வரைபடங்கள் வந்து போகும் ஓர் அலுவலகம். இதில் வரும் தவறுகள் பெரும்பாலும் என்னுடையவை என்பதால் அலுவலகத்தின் பெயரை இழுக்க வேண்டாம். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, பரீட்சை எழுதி, டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். செல்லூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் சொந்தச் சுவர் கிடையாது. பக்கத்து வீட்டில் யாராவது அம்மியை நகர்த்தினால் எங்கள் அலமாரியில் டம்ளர் ஆடும். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள் பொதுச்சுவர் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். அதனால் ஒரு மனிதருடைய கூரை விழ இருந்தது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

எங்கள் பிரிவுக்குப் பொறியாளராக இருந்தவர் கோபிராம் சார். சௌராஷ்ட்ரக் குடும்பத்துக்காரர். எங்களிடம் பேசுவது மதுரைத் தமிழ்தான். ஆனால் சுவரில் செங்கல் வரிசைகளை எண்ணும்போது மட்டும் அவர் உதடு வீட்டுப் பாஷையில் அசையும். நடுவில் யாராவது பேசினால் திட்ட மாட்டார். முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார். அது திட்டுவதைவிட மோசமாக இருக்கும், வெயிலில் நாமும் கூட நிற்க வேண்டும் அல்லவா. சட்டைப் பையில் அவர் வீட்டுச் சாவி எப்போதும் இருக்கும். அதால் செங்கல்லைத் தட்டிச் சத்தம் கேட்பார். நல்ல செங்கல் என்றால் அடுத்ததற்குப் போய்விடுவார். சத்தம் சரியில்லை என்றால் காதைச் சுவரோடு வைத்து இன்னொரு முறை தட்டுவார்.

அவர் வைத்திருந்த விதிகளில் முக்கியமானது பென்சில் விதி. கட்டிடத்தைப் பார்க்கும் இடத்தில் படிவத்தைப் பென்சிலால்தான் நிரப்ப வேண்டும். மறுநாள் காலை மேஜையில் உட்கார்ந்து படித்துப் பார்த்து, பிறகுதான் மை.

"நேத்து வெயில்ல நின்னு எழுதுன ஆளு வேற. இன்னைக்கி ஃபேனுக்கு அடியில உக்காந்து படிக்கிற ஆளு வேற. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா மை போடுங்க" என்பார்.

சேர்ந்த புதிதில் ஒரு வீட்டை அளக்கப் போனேன். கொல்லைப்புறத்தில் நாய் கட்டியிருந்தது. எனக்கு நாய் என்றால் பயம். கொல்லைக்குப் போகாமலே, வலது பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறதே, இடது பக்கமும் இருக்கத்தான் செய்யும் என்று ஒன்றை வரைந்துவிட்டேன். கோபிராம் சார் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இந்த ஜன்னல் வழியா என்ன தெரியுது தமயந்தி?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். நாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனால் அங்கே ஜன்னல் இல்லை, ஒரு விளக்கு மாடம் இருந்தது. சார் தன் ரப்பரால் என் ஜன்னலை அழித்துவிட்டு, "வாங்க, டீ சாப்புடுவோம்" என்றார். அதோடு சரி, பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

மில் காலனி வேலை வந்தது இதற்கெல்லாம் பல வருஷம் கழித்து. சமயநல்லூர் போகும் ரோட்டில், அந்தக் காலத்தில் ஊர் முடிந்து வயல் தொடங்கிய இடத்தில், ஒரு பஞ்சு மில் தன் தொழிலாளிகளுக்காகக் கட்டிய செங்கல் வீடுகள் அவை. நீளமான ஓட்டுக் கூரை ஒன்று. அதன் கீழே இரண்டு கதவு. நடுவே ஒரு சுவர். இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஊரில் இவற்றை ஜோடி வீடு என்பார்கள். பூசாத சிவப்புச் செங்கல், ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒரு வளைவு, சமையல் புகை போக ஓட்டில் ஒரு திறப்பு. மில் மூடிய பிறகு வீடுகளை அவரவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மிச்ச நிலம் கைமாறி அடுக்கு மாடிகள் எழும்பத் தொடங்கியபோது சிலர் மனுப் போட்டார்கள். இந்த வீடுகளுக்குப் பாரம்பரிய மதிப்பு உண்டா என்று பார்த்துப் பட்டியல் கொடுக்கும்படி எங்களுக்கு உத்தரவு வந்தது.

அலுவலகத்தில் எல்லோருக்கும் சிரிப்பு. மீனாட்சியம்மன் கோயில் இருக்கிற ஊரில், நாயக்கர் மகால் இருக்கிற ஊரில், மில் லைன் வீட்டுக்குப் பாரம்பரியப் பட்டியலா என்று. நானும் சிரித்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கோபிராம் சார் மட்டும் சிரிக்கவில்லை. "மகாலப் பாக்கணும்னா டிக்கெட் வாங்கிட்டுப் போறோம். இதுல இன்னும் ஆளு குடியிருக்கு. மில்லுக்காரன் தொழிலாளிக்கின்னு செங்கல்ல வீடு கட்டுனது இந்தப் பக்கம் இதான் மொதல்ல. அத எழுத வேணாமா?" என்றார்.

படிவம் மேலிடத்திலிருந்து வந்தது. ஒரு கதவு எண்ணுக்கு ஒரு படிவம். வீட்டுவரிப் பதிவேட்டை வைத்துத் தயாரித்ததால் அப்படி. வயது, பழைய பொருள் மிச்சமிருப்பது, மாற்றம் செய்யாமல் இருப்பது, கைவேலைச் சிறப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டினால் வருவது ஒரு எல்லைக்கு மேலே இருந்தால் பட்டியலில் சேரும், கீழே இருந்தால் சேராது. ஒரு வாரத்துக்குள் வேண்டும் என்று நெருக்கினார்கள். அந்த வாரம் சார் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். நான் பென்சிலை வீட்டில் வைத்துவிட்டு, பேனாவோடு போனேன்.

31ஆம் எண்ணில் இருந்தவர் மொக்கைச்சாமி ஐயா. மில்லில் நூற்பு இயந்திரம் ஓட்டியவர், மனைவி இறந்து, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். அவர் வீட்டைப் போல ஒரு வீட்டை அந்தக் காலனியில் நான் பார்க்கவில்லை. கட்டிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. சுவரில் வெள்ளைகூட அடிக்கவில்லை. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. மாலை போட்ட அவர் மனைவியின் படம் ஒரு முக்காலியின் மேல், சுவரில் சாய்ந்து நின்றது.

"படத்த மாட்டக் கூடாதாய்யா?" என்று கேட்டேன்.

பெட்டியைத் திறந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். மில் கொடுத்த குடியிருப்பு அட்டை. பின்பக்கம் விதிகள் அச்சடித்திருந்தன. குடியிருப்போர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று அதில் ஒன்று.

"மில்லுதான் மூடியாச்சே, வீடும் உங்க பேருக்கு வந்தாச்சே."

"மில்லு மூடுனதுக்குச் செவரு என்ன தாயி பண்ணும்?" என்றார். விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. இந்த மனிதர் பாரம்பரியத்தைக் காப்பாற்றவில்லை, மில்லுக்குப் பயந்துகொண்டு இருக்கிறார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எதற்காக இருந்தால் என்ன, மதிப்பெண் முழுசாக விழுந்தது. கூரையில் முகட்டு மரம் தேக்கு. நடுச்சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, இரண்டு மரத்தை இழைத்துக் கோத்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்தது. அழகான வேலை. "கைவேலைச் சிறப்பு: முகட்டு மர இணைப்பு" என்று மையில் எழுதி அதற்கும் சேர்த்து மதிப்பெண் போட்டேன். அந்த மரம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவில்லை.

பக்கத்துக் கதவு 32. அங்கே இருந்தவர் செந்தில். மொக்கைச்சாமி ஐயாவோடு வேலை பார்த்தவரின் மகன். வேன் ஓட்டுகிறார். மனைவி கவிதா, இரண்டு பிள்ளைகள், ஒரே அறை. சுவரைப் பூசிக் கிளிப்பச்சை அடித்திருந்தார்கள். கீழே டைல்ஸ், வாசலில் இரும்புக் கிரில். சுவரே தெரியவில்லை, மதிப்பெண் எல்லைக்கு வெகு கீழே நின்றது.

"எங்க வீடு சேராதுல்ல மேடம்?" என்று கவிதா கேட்டாள்.

"சேராதும்மா."

அவளுக்கு நிம்மதி, சேர்ந்துவிட்டால் இடித்துக் கட்ட முடியாது. எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தாள். மொக்கைச்சாமி ஐயாவுக்குத் தன் வீடு சேர்ந்ததில் பெருமை. இரண்டு பக்கமும் சந்தோஷமாக முடிந்த வேலை என்று வீட்டுக்கு வந்தேன். சார் லீவு முடிந்து வந்ததும் கட்டாகக் கொண்டுபோய் வைத்தேன். மை போட்டிருந்ததால், மறுநாள் படித்துவிட்டுத்தான் போட்டிருப்பேன் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். 31 பட்டியலில் சேர்ந்தது. 32 சேரவில்லை. மொக்கைச்சாமி ஐயாவுக்குச் சான்றிதழ் போனது.

சில மாதம் கழித்து செந்தில் தன் வீட்டை இடித்துவிட்டு மாடியோடு கட்ட விண்ணப்பம் கொடுத்தார். அந்த ஃபைலும் என் மேஜைக்குத்தான் வந்தது. பட்டியலைப் புரட்டினேன், 32 இல்லை. ஆட்சேபணை இல்லை என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். சாரும் அதன்மேல் வைத்தார்.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு மத்தியானம், மொக்கைச்சாமி ஐயா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் பாலிதீன் கவருக்குள் சான்றிதழ்.

"தாயி, இது நீங்க குடுத்ததுதான?"

"ஆமாய்யா."

"எங்க வீட்டத் தொடக் கூடாதுன்னுதான போட்டுருக்கு?"

"ஆமா. யாரும் தொட்டாங்களா?"

"இல்ல தாயி, பொய் சொல்லக் கூடாது. செந்திலு எங்க வீட்டத் தொடவே இல்ல. நேத்து அவன் பக்கத்து ஓட்டத்தான் எறக்குனாங்க. இன்னைக்கி மரத்தக் கழட்ட ஏறுன கொத்தனாரு எறங்கிட்டாரு. இந்த மரத்த உருவுனா ஒங்க கூரை உள்ள விழுந்துரும் பெரியவரேங்கிறாரு. அது எப்பிடின்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

அவர் குரலில் கோபமே இல்லை. அரசாங்கம் தெரிந்துதான் செய்திருக்கும், அதன் விவரத்தைக் கேட்டுப் போகலாம் என்று வந்தவர் மாதிரி நின்றார். பட்டியல் ஃபைலையும் அனுமதி ஃபைலையும் எடுத்து முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் என் கையெழுத்து. முகட்டு மர இணைப்பு என்று நானே எழுதிய வரி அதில் இருந்தது. நடுச்சுவரிலிருந்து மூன்றடி தள்ளி என்று அளவும் நானே போட்டிருந்தேன். அப்படியானால் 31இன் கூரையில் முதல் மூன்றடிக்கு இருப்பது 32இலிருந்து வருகிற மரம். அதை உருவினால் இங்கே இருக்கிற மரத்தின் நுனி அந்தரத்தில் நிற்கும். தச்சன் மரம் முடிந்த இடத்தில் கோத்திருக்கிறான். வீடு எங்கே முடிகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவன் கட்டியது ஒரே கட்டிடம்தான்.

இரண்டு ஃபைலையும் சார் மேஜையில் வைத்தேன். படித்தார். குடையை எடுத்தார். மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.

சார் முதலில் 31க்குள் போய் அண்ணாந்து இணைப்பைப் பார்த்தார். பிறகு ஓடில்லாத 32க்குள் போய் மரம் வருகிற வழியைப் பார்த்தார். பூச்சைக் கொத்தியிருந்த நடுச்சுவரைச் சாவியால் தட்டி, ஒரு செங்கல்லின் ஓரத்தை விரலால் நிமிண்டினார். மண் உதிர்ந்தது. வெளிச்சுவர்களுக்குச் சுண்ணாம்புச் சாந்தும், இரண்டு பக்கமும் வீடு என்பதால் நடுச்சுவருக்கு வெறும் மண் சாந்தும் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு மழை நேராக அதன்மேல் விழுந்தால் கரைந்துவிடும். பிறகு வெளியே வந்தார். இடிப்பதற்காக 32இன் முன்பக்கப் பூச்சையும் கொத்தியிருந்தார்கள். இரண்டு கதவுக்கும் நடுவே செங்கல் தெரிந்தது. உதடு அசைய அடியிலிருந்து கூரை வரை எண்ணினார். யாரும் பேசவில்லை. எண்ணி முடித்துப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தமயந்தி, முப்பத்தொண்ணு எங்க முடியுதோ அங்க ஒரு கோடு போடுங்க."

இரண்டு கதவுக்கும் சரி நடுவில் கோட்டைத் தொடங்கினேன். முதல் வரிசையில் கோடு இரண்டு செங்கல் சேரும் இடத்தில் விழுந்தது. அடுத்த வரிசையில் முழுச் செங்கல்லின் வயிற்றில் விழுந்தது. அதற்கடுத்து மறுபடி சேரும் இடம், மறுபடி முழுச் செங்கல். இடுப்பு உயரத்துக்கு மேல் என் கை போகவில்லை.

"கொத்தனாரே, இந்தக் கோட்டுல வெட்ட முடியுமா?" என்று சார் கேட்டார்.

"வெட்டலாம் சார். செங்கலு பாதி பாதியா போகும். செவரு நிக்காது."

சார் என்னைப் பார்க்கவில்லை. அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஒரு வாரத்தில் முடிக்கச் சொன்ன உத்தரவைச் சொல்லியிருப்பேன். கையில் சாக்பீஸோடு நின்றேன். அவ்வளவு அவமானமாக நான் எங்கும் நின்றதில்லை.

"இத நிறுத்துங்க" என்று கொத்தனாரிடம் சொன்னார்.

வேப்ப மரத்தடியில் பாத்திரங்களோடு நின்ற கவிதா நேராக என்னிடம் வந்தாள். "சேராதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க? கட்டிக்கன்னு கையெழுத்துப் போட்டதும் நீங்கதான? அத நம்பித்தான் ஓட்ட எறக்குனோம். இப்ப புள்ளைகளோட நாங்க எங்க போறது?"

"என் தப்புதாம்மா" என்றேன்.

"அவங்க தப்பு மட்டும் இல்லம்மா. மேல என் கையெழுத்தும் இருக்கு" என்றார் சார்.

செந்தில் வேனில் சாய்ந்து நின்றார். "விடு கவிதா. பெரியப்பா தலையில கூரைய எறக்கிட்டா நாம மாடி கட்டுறது?" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குள் காற்றில் மண் வாசம் வந்துவிட்டது. வேனில் இருந்த தார்ப்பாயை எடுத்து நடுச்சுவரின் தலைக்கு மேலே போட்டு 32 பக்கம் தொங்கவிட்டார்கள். அந்தப் பக்கம் பூச்சு பெயர்ந்து கிடந்ததால் கயிற்றைக் கட்டப் பிடிமானம் இல்லை. ஓட்டுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக நான்கு கயிற்றையும் 31க்குள் இறக்கினார் கொத்தனார். உள்ளே சுவரில் நான்கு ஆணி அடித்துக் கட்டினால் போதும். சுத்தியலோடு உள்ளே போனவரை மொக்கைச்சாமி ஐயா கையை நீட்டி மறித்தார்.

"ஆணி அடிக்கக் கூடாதுப்பா."

"பெரியவரே, மழை வருது."

"அட்டையில போட்டுருக்கு. இந்தா, இவங்க குடுத்த பேப்பர்லயும் அதான் போட்டுருக்கு. அனுமதி இல்லாம ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு." கவரைத் தூக்கிக் காட்டினார். உண்மைதான். சான்றிதழின் மூன்றாவது வரி அது.

"பெரியப்பா, செவரே போகப் போவுது" என்று செந்தில் கத்தினார்.

"போறது வேற. நம்ம கையால பண்றது வேற" என்றார் அவர். அந்த வீடு போய்விடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஆயுசு முழுக்கக் கட்டிக் காத்த ஒன்றைக் கடைசி நிமிஷத்தில் தானே மீறிவிட்டால், பிறகு வீடு இருந்து என்ன என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் பயப்படுகிறவர் என்று நான் எடை போட்டது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

நான் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். ஒரு செங்கல்லுக்குக்கூட அனுமதி கொடுக்கும் அதிகாரம் டிராப்ட்ஸ்மேனுக்குக் கிடையாது. அது எனக்கும் தெரியும், பின்னால் நின்ற சாருக்கும் தெரியும். "கதவு எண் 31, நடுச்சுவரில் நான்கு ஆணிகள் அடிக்க இதன்மூலம் அனுமதி அளிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நாலுதான?"

"நாலுதான்யா."

சுத்தியலைக் கொத்தனாரிடமிருந்து வாங்கினார். முக்காலியிலிருந்து மனைவியின் படத்தை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, முக்காலியின் மேல் ஏறி, நான்கு ஆணியையும் தானே அடித்தார். செங்கல்லின் மேல் ஒரு அடிகூட விழவில்லை; எல்லாம் இடையில் இருந்த சாந்திலேயே இறங்கின. கடைசிக் கயிற்றை முடிந்தபோது ஓட்டின்மேல் மழை விழ ஆரம்பித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. சுவர் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காகித வேலை. முந்தைய படிவம் தவறு என்று நான் எழுதிக் கொடுத்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. "கதவு எண்ணைப் பார்த்தேன், கட்டிடத்தைப் பார்க்கவில்லை" என்று பதில் எழுதினேன். என் இன்கிரிமெண்ட் ஒன்று நின்றது. சார் ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம்தான் இருந்தது. அவர் கையெழுத்தையும் காட்டி மெமோ வரும், பென்ஷன் இழுபடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படித்தான் ஆயிற்று. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், இப்போதும் அது உறுத்துகிறது.

31, 32 இரண்டும் ஒரே கட்டிடமாகப் பட்டியலில் ஏறின. செந்தில் ஓட்டைத் திரும்ப அடுக்கினார். பழைய சுவரைத் தொடாமல் கொல்லையில் இரண்டு அறையும் அதன்மேல் ஒன்றும் கட்டிக்கொள்ள விதியில் இடம் இருந்தது. அந்த வரைபடத்தை நான் போட்டேன். பென்சிலில் போட்டு, மறுநாள் படித்து, பிறகு மை. கவிதாவிடம் காட்டியபோது, "மாடி வீடு கேட்டோம். கொல்லையில குடுக்குறீங்க" என்றாள். வீடு கட்டிக் குடிபோன பிறகும் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதில் தப்பு சொல்ல எனக்கு உரிமை இல்லை.

காலனியின் மற்ற ஜோடிகளை எல்லாம் சாரும் நானும் திரும்பப் போய்ப் பார்த்தோம். படிவத்தை மாற்றி அச்சடிக்க மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் இரண்டு எண்ணையும் எழுதி, சிவப்பு மையில் வளைகோடு போட்டுச் சேர்த்தேன். அந்த வீடுகளின் மதிப்பே அந்த நடுச்சுவரில்தான் இருக்கிறது என்று குறிப்புப் பகுதியில் சார் எழுதினார். யாரும் அதை மறுக்கவில்லை, யாரும் படித்திருக்கவும் மாட்டார்கள்.

கடைசியாக 31, 32க்குப் புதுப் படிவம் நிரப்பப் போனோம். கயிறுகளை அவிழ்த்தாகிவிட்டது. மூன்று ஆணிகள் சும்மா இருந்தன. வாசல் பக்கத்து ஆணியில் மொக்கைச்சாமி ஐயாவின் மனைவி படம் தொங்கியது. முக்காலி காலியாக இருந்தது.

"அனுமதி ஆணிக்குத்தான் இருக்கு. படத்துக்கு இல்ல" என்று அவரே எங்களிடம் சொன்னார். "தப்புன்னா எறக்கிருறேன் தாயி."

அவர் எடுத்து நீட்டிய அனுமதித் தாளை வாங்கிப் படிவத்தோடு குத்தினேன். சார் படிவத்தை என்னிடமிருந்து வாங்கி, மாற்றங்கள் என்ற கட்டத்தில் தானே பென்சிலால் எழுதினார். மறுநாள் காலை ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து படித்துவிட்டு மை போட்டார். "ஆணிகள் நான்கு. அலுவலகத்தின் தவறால் அடிக்கப்பட்டவை. ஒன்றில் படம் உள்ளது. இருக்கலாம்."

ஷர்மிளா, அந்தத் துண்டுத் தாளை இந்த வரிக்குப் பக்கத்தில் சேருங்கள். படிவத்தில் ஒரு திருத்தமும் பாக்கி இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒத்தக்கடைக்கு வந்துவிட்டேன். போன தை மாதம்தான் ஒரு துக்கத்துக்காக அந்தப் பக்கம் போனேன். 31இல் இப்போது மொக்கைச்சாமி ஐயாவின் மகள் குடியிருக்கிறாள். அப்பாவின் படத்தை எங்கே மாட்டுவது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டில் படம் உள்ளது என்று மாற்றிக்கொள்ளுங்கள்.